நூறு வயது ஊர்களும் நம் தோட்டப்புறச் சாப்பாடும்



இந்த மாதப் பாடம் உடம்பைப் பற்றியது. தேவாரமும் கதையும் இல்லாத வகுப்பா என்று தம்பி தங்கைகள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள்.

2019ஆம் ஆண்டு நம் நாட்டின் சுகாதார அமைச்சு ஓர் ஆய்வு நடத்தியது. 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் 31.4 பேர். மூன்று பெரிய இனங்களில் நாம்தான் முதலிடம். கோயில் அன்னதானப் பந்தியில் பத்துப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்தால், அதில் மூன்று பேருக்கு இந்த நோய் என்று அர்த்தம். அந்த மூன்று பேரில் ஒருவருக்கு அது இருப்பதே தெரியாமல் இருக்கலாம்.

எங்கள் வீட்டுப் பக்கமே உதாரணம் உண்டு. என் பெரிய மாமா 52 வயதில் ஒரு காலை இழந்தார். என் பாட்டி, அதாவது அவருடைய அம்மா, 84 வயதில் இன்றும் மார்க்கெட்டுக்கு நடந்து போய் வருகிறார். அம்மாவைவிட மகன் முதலில் கிழவனாகிற குடும்பம் எங்கள் புக்கிட் செந்தோசாவில் ஒன்றிரண்டு இல்லை. இது ஏன் நடக்கிறது? உலகத்தில் அதிக நாள் வாழ்கிறவர்கள் என்று பேர் எடுத்த ஊர்கள் இதற்கு ஏதாவது பதில் சொல்கின்றனவா? இந்த இரண்டு கேள்விகள்தான் இன்றைய பாடம்.

1. வரைபடத்தில் ஒரு நீல வட்டம்

இத்தாலியின் சார்டினியா தீவில் சில மலைக் கிராமங்களில் நூறு வயதைத் தாண்டிய ஆண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஜானி பெஸ், மிஷேல் பூலேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தக் கிராமங்களை வரைபடத்தில் நீல மையால் குறித்து வைத்தார்கள். 'நீல மண்டலம்' என்ற பெயர் வந்த கதை இவ்வளவுதான். அவர்களுடைய கட்டுரை 2004இல் வெளியானது. பிறகு டேன் பியூட்னர் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஜப்பானின் ஒக்கினாவா, கோஸ்டாரிக்காவின் நிக்கோயா, கிரீஸின் இக்காரியா, அமெரிக்காவின் லோமா லிண்டா ஆகிய இடங்களையும் சேர்த்து உலகம் முழுவதும் பேச வைத்தார்.

இந்த ஊர்களின் சாப்பாடு ஒன்றுக்கொன்று வேறு. ஆனால் சில விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. தட்டில் பெரும்பகுதி செடியிலிருந்து வந்தது: கிழங்கு, பயறு, கீரை, காய். இறைச்சி தினமும் இல்லை, விசேஷத்துக்குத்தான். உடற்பயிற்சி என்று தனியாக யாரும் செய்வதில்லை. வேலையே நடையும் குனிதலும் ஏறி இறங்குதலும்தான். வயதானவர்களைத் தனியாக விடுவதில்லை.

ஒக்கினாவாவைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஜப்பான் என்றதும் நமக்குச் சோறும் மீனும் நினைவுக்கு வரும். ஆனால் 1949ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஒக்கினாவா மக்கள் சாப்பிட்ட சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைவள்ளிக்கிழங்கிலிருந்து வந்தது. அரிசி ரொம்பக் குறைவு. கூடவே சோயா, கடல்பாசி, பாகற்காய், மஞ்சள் போட்ட பானம். பாகற்காயும் மஞ்சளும் யாருடைய சமையலறையில் இருக்கின்றன என்று நான் சொல்லத் தேவையில்லை!

அவர்களிடம் ஒரு வழக்கம்: வயிறு பத்தில் எட்டுப் பங்கு நிறைந்ததும் கையைக் கழுவிவிடுவது. நம்மிடமும் இது உண்டு. திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, 95ஆவது. மருந்தின் பெயரில் இருக்கும் அந்தப் பத்துக் குறளில் பாதிக்கு மேல் பேசுவது சாப்பாட்டின் அளவைப் பற்றியும் பசியைப் பற்றியும்தான். மனப்பாடம் செய்து பரிசு வாங்கியிருக்கிறோம், பந்தியில் மறந்துவிடுகிறோம்.

இன்னொன்று 'மோவாய்'. ஐந்தாறு பேர் சிறு வயதிலேயே ஒரு குழுவாகச் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டு, தேவைப்பட்டவருக்குக் கொடுப்பார்கள். நம் அம்மாமார் கட்டுகிற கூட்டு மாதிரிதான். பணத்துக்காகத் தொடங்கிய குழு கடைசிவரை நட்பாக நிற்கிறது. ஒருவர் இரண்டு நாள் வெளியே வரவில்லை என்றால் மற்றவர் கதவைத் தட்டுவார்.

2. அளவுகோலைச் சோதிக்க வேண்டாமா?

நான் பொறியியல் படிக்கிறேன். எங்களுக்கு முதல் வருஷமே சொல்லிக் கொடுப்பது இது: கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் எண்ணை நம்பாதே. வயதை அளக்கும் கருவி பிறப்புப் பதிவு. அது சரியாக இருந்ததா?

எல்லா இடத்திலும் இல்லை. 2010இல் டோக்கியோவில் 111 வயது என்று பதிவில் இருந்த ஒருவரைப் பார்க்க அதிகாரிகள் போனார்கள். அவர் ஏறக்குறைய முப்பது வருஷத்துக்கு முன்பே இறந்திருந்தார். குடும்பம் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தது. அதன்பின் நாடு முழுவதும் பதிவேட்டைச் சோதித்தபோது, நூறு வயதுக்கு மேற்பட்டவர்களாகக் குறிக்கப்பட்டிருந்த 2,30,000க்கும் அதிகமானோர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. ஒக்கினாவாவின் பழைய பதிவுகளில் பெரும்பகுதி 1945 போரில் எரிந்து போனவை. சால் நியூமன் என்ற ஆய்வாளர் இதையெல்லாம் ஆராய்ந்து, பதிவு மோசமாக இருக்கும் இடத்தில்தான் நூறு வயதுக்காரர்கள் அதிகமாகத் 'தோன்றுகிறார்கள்' என்று காட்டினார். 2024இல் அவருக்கு இக்நோபல் பரிசு கிடைத்தது. நீல மண்டல ஆய்வாளர்கள் தங்கள் வயதுக் கணக்குகள் சரிபார்க்கப்பட்டவையே என்று மறுக்கிறார்கள். இந்த வாதம் இன்னும் முடியவில்லை.

நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. தோட்டத்தில் பிறந்த எத்தனையோ பாட்டிமார் "ஜப்பான்காரன் வந்த வருஷம் பொறந்தேன்" என்பார்கள். ஐசியில் இருக்கும் தேதி வேறொன்றாக இருக்கும்.

அப்படியென்றால் எல்லாமே பொய்யா? இல்லை. நூறு வயது என்ற கவர்ச்சியை ஒதுக்கிவிட்டு, ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து எழுதிய கணக்குகளைப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட நல்ல கணக்கு ஒன்று லோமா லிண்டாவில் இருக்கிறது.

3. விரதம் வாழ்க்கையான ஊர்

கலிபோர்னியாவில் உள்ள லோமா லிண்டாவில் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்துவப் பிரிவினர் அதிகம். புகை இல்லை, மது இல்லை, பலர் சைவம், வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. கலிபோர்னியாவில் வாழும் இந்தப் பிரிவினர் 34,192 பேரைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வின் முடிவு 2001இல் வந்தது. அதே மாநிலத்தின் மற்றவர்களைவிட இவர்களில் ஆண்கள் 7.28 ஆண்டுகளும் பெண்கள் 4.42 ஆண்டுகளும் கூடுதலாக வாழும் வாய்ப்பு இருந்தது. சைவ உணவு, உடலுழைப்பு, அடிக்கடி கொட்டை வகைகள் சாப்பிடுவது, எடை கூடாமல் இருப்பது, புகை தொடாதது ஆகிய ஐந்தும் சேர்ந்தால் பத்து ஆண்டு வரை வித்தியாசம் வரலாம் என்று கணக்கிட்டார்கள்.

இதில் நாம் யோசிக்க வேண்டிய இடம் ஒன்று. அவர்கள் மதம் வேறு. ஆனால் சைவம், மது விலக்கு, ஓய்வு நாள் எல்லாம் நம் நெறியிலும் இருப்பவைதானே? வித்தியாசம் எங்கே? அவர்கள் அதை ஐம்பது அறுபது வருஷம் விடாமல் செய்கிறார்கள். நாம் தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருக்கிறோம். 49ஆம் நாள் எல்லாவற்றையும் வட்டியோடு திருப்பிச் சாப்பிடுகிறோம். விரதத்தின்போதும் என்ன? இறைச்சி மட்டும் போகிறது. எண்ணெயில் பொரித்த வடை, சீனி போட்ட தேநீர், கேஸ் பானம் எல்லாம் இலையிலேயே இருக்கின்றன. சைவம் என்ற பெயர் மட்டும் இரத்தக்குழாயைக் காப்பாற்றாது.

4. நம் மண்ணிலேயே நடந்த சோதனை

ஒக்கினாவா, கலிபோர்னியா என்று எங்கெங்கோ போகிறோம். உணவுக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய பெரிய சோதனைகளில் ஒன்று கோலாலம்பூரில் நடந்தது. அதற்கு முதல் துப்புக் கொடுத்தவர்கள் நம் முன்னோர்கள்.

நூற்று இருபது வருஷத்துக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் வீங்கும், மரத்துப்போகும், இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களை அது வாரிக்கொண்டு போனது. ஆனால் தமிழ்த் தொழிலாளர்களிடம் மிகக் குறைவு. பிராடன் என்ற நெகிரி செம்பிலான் மருத்துவர் இதைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. அரிசியில்தான் விஷயம் இருக்கிறது என்றார்.

1905 டிசம்பரில் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநல விடுதியில் இதைச் சோதித்தார். ஒரு பகுதியினருக்குப் பச்சரிசி, இன்னொரு பகுதியினருக்குப் புழுங்கல் அரிசி. கட்டடம்தான் காரணமோ என்ற சந்தேகம் வராமல் இருக்க, பாதியில் இரண்டு கூட்டத்தையும் இடம் மாற்றினார். ஒரு வருஷம் போனது. பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு நோய். 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் இரண்டே பேருக்குத்தான் நோய். அவர்களும் உள்ளே வரும்போதே அதோடு வந்தவர்கள். பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டான்டனும் இதை உறுதி செய்தார்கள்.

காரணம் எளிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போகாது. 'வைட்டமின்' என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. அது 1912இல்தான் வந்தது. நம் பாட்டன் பூட்டன் விஞ்ஞானம் தெரிந்து செய்யவில்லை. ஆனால் ஊரிலிருந்து கொண்டு வந்த பழக்கம் அவர்கள் உயிரைக் காப்பாற்றியது.

பெருமைப்பட்டுக்கொண்டு இங்கேயே நிறுத்தினால் பாதிப் பாடம்தான். மறுபாதி தமிழ்நாட்டின் குன்னூரில் நடந்தது. ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் 1920களில் அங்கே எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவைக் கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பருப்பு, பால், காய்கறி கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. சோறு மலையாகவும் பருப்பும் காயும் பாலும் கொஞ்சமாகவும் இருந்த மதராஸ் உணவைத் தின்ற எலிகள் கடைசி வரிசையில் நின்றன. எலியை வைத்து மனிதனை முழுதாக முடிவு செய்ய முடியாதுதான். ஆனால் சோற்றுக் குன்றும் ஒரு கரண்டிக் காயும் இருக்கிற தட்டு அன்றைக்கே மாட்டிக்கொண்டது.

5. தோட்டம் கொடுத்தது, தாமான் எடுத்தது

தோட்டத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பாட்டியிடம் "அப்பல்லாம் நல்ல சாப்பாடுதானே பாட்டி?" என்று கேட்டேன். "நல்லா சாப்பிட்டோம்னு யாருப்பா சொன்னா? இருந்ததச் சாப்பிட்டோம்" என்றார். மலேரியா, கொக்கிப்புழு, இரத்தசோகை, கள்ளுக்கடை, குழந்தைச் சாவு எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டம். நீண்ட ஆயுளுக்கு முதல் தேவை கீரை அல்ல, வாய்க்கால். 1901இல் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானில் சதுப்பு நீரை வடியவிட்டு மலேரியாவைக் குறைத்தார். மருந்து பாட்டில் செய்யாததை மண்வெட்டி செய்தது. பொறியியல் படிக்கிற எனக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷம்!

ஆனால் அந்த ஏழை வாழ்க்கை, யாரும் திட்டமிடாமலே, மூன்று காரியங்களைச் செய்தது. விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போய், நானூறு ஐந்நூறு பால்மரம் ஏறி இறங்கி வெட்டி, மங்கிலிருந்து பால் எடுத்து, வாளி தூக்கி வருவது ஒன்று. லயத்து வீட்டுக்குப் பின்னால் முருங்கை, பசலை, மரவள்ளி, கத்தரி நட்டது இரண்டு. சாயங்காலம் ஐந்தடியில் தங்கையும் பத்தடியில் பெரியம்மாவும் இருந்தது மூன்று.

தோட்டங்கள் துண்டாகி நாம் தாமானுக்கு வந்தபோது மூன்றும் போய்விட்டன. தட்டுச் சோறு மட்டும் அதே அளவில் கூடவே வந்தது. மரம் வெட்டியவர் உழைத்துக் கரைத்த சோற்றை, ரவாங்கிற்கு மோட்டாரில் போய் எட்டு மணி நேரம் நிற்கிறவரும், விரிவுரையில் உட்கார்ந்திருக்கிற நானும் சாப்பிடுகிறோம். அதன்மேல் புதிதாகச் சீனி. 325 மில்லி கேஸ் பானம் ஒரு டின்னில், நூறு மில்லிக்குப் பத்து கிராம் என்றால், 32 கிராம் சீனி, எட்டுத் தேக்கரண்டி. கட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சீனி. தாராளமாக ஊற்றிய ஒரு தே தாரேக்கில் 20 கிராம் பக்கத்தில் வரும். நாளெல்லாம் சேர்த்து 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டின்னிலேயே அன்றைய கணக்கு முடிந்துவிட்டது.

இரும்பு ஒரே பெரிய சுமையில் உடைவதைவிட, சின்னச் சுமை லட்சம் தடவை ஏறி இறங்குவதால் உடைவது அதிகம். உலோகச் சோர்வு என்பார்கள். கணையமும் அப்படித்தான். தீபாவளிப் பலகாரம் அதை உடைக்காது. தினம் மூன்று தே தாரேக் உடைக்கும்.

ஒக்கினாவாவுக்கும் இதே கதைதான். போருக்குப் பின் 1972 வரை அந்தத் தீவு அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தது. பொரித்த கோழியும் டின் இறைச்சியும் பர்கரும் வந்தன. நடந்தவர்கள் காரில் ஏறினார்கள். 1985இல் ஆண்களின் ஆயுளில் ஜப்பானின் 47 மாநிலங்களில் முதலிடம். 2000இல் 26ஆவது இடம். 2020இல் 43ஆவது. ஆயுள் குறையவில்லை, மற்ற மாநிலங்கள் முன்னேறிய வேகத்தில் இவர்கள் முன்னேறவில்லை. இரத்தம் அதேதான், தீவு அதேதான். மாறியது தட்டும் காலும். ஆகவே "நம்ம பரம்பரையே அப்படித்தான்" என்ற பேச்சு பாதிதான் உண்மை. நம் இனத்துக்கு இந்த நோய் எளிதில் வரும் என்பது சரி. ஆனால் ஒரே தலைமுறையில் கெட முடியும் என்றால், ஒரே தலைமுறையில் திருத்தவும் முடியும்.

6. ஒரு மண்டலம் செய்து பார்ப்போம்

48 நாள் நமக்குப் பழகிய கணக்கு. அதையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் அளவு எடுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் எச்சரிக்கை. வீட்டுப் பெரியவர்களை அரசாங்க கிளினிக்கிற்குக் கூட்டிப்போய் வெறும் வயிற்றில் இரத்தம் சோதியுங்கள். 7.0 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தட்டைத் திருப்புங்கள்: பாதி காயும் கீரையும், கால் பங்கு பருப்பு, பயறு, மீன் அல்லது முட்டை, கால் பங்கு சோறு. புழுங்கல் அரிசியோ தீட்டாத அரிசியோ நல்லது. ஆனால் புழுங்கல் என்பதற்காக இரண்டாவது தடவை போட்டுக்கொள்ள வேண்டாம்.

பானத்தில் சீனியை நிறுத்துங்கள். முதல் வாரம் நாக்கு அழும், பிறகு பழகிவிடும்.

சாப்பிட்டதும் போனை எடுக்காமல் தாமானைச் சுற்றி இருபது நிமிடம் நடங்கள். தனியாக வேண்டாம், இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுதான் நம் மோவாய்.

சார்டினியாவில் வைன் குடிக்கிறார்களே என்று யாராவது கேட்டால், பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னதை எடுத்துச் சொல்லுங்கள். கள்ளும் சம்சுவும் நம் குடும்பங்களுக்குச் செய்ததை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் பாகற்காய்ச் சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்தக்கூடாது. விரதம் இருப்பதற்கு முன்பும் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கடைசியாக, நம் கையில் இருக்கும் ஓர் இடம் கோயில் பந்தி. அங்கே பரிமாறுகிறவர்கள் நாம்தான். சிராப்புக்குப் பதில் தண்ணீரோ மோரோ, ஒரு கரண்டிக் காய்க்குப் பதில் இரண்டு கரண்டி, வடைக்குப் பதில் சுண்டல். இதற்கு யாருடைய மானியமும் தேவையில்லை. கோயில் தலைவரிடம் மரியாதையாகப் போய்க் கேட்க நாலு இளைஞர்கள் போதும். நாம் கொடுக்கிற அன்னம் வாங்குகிறவரின் காலை எடுக்கக்கூடாது. அப்போதுதான் அதற்கு தானம் என்று பேர்.

வகுப்பில் பேச வேண்டிய கேள்விகள்

1. உங்கள் தாத்தா பாட்டி ஒரு நாளில் எவ்வளவு நடந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள்? கேட்டு எழுதி வாருங்கள். நீங்கள் நேற்று நடந்ததையும் சாப்பிட்டதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

2. பிளெட்சர் இரண்டு கூட்டத்தையும் ஏன் இடம் மாற்றினார்? வாட்சப்பில் வரும் 'மூன்றே நாளில் இனிப்பு நீர் குணம்' செய்திகளை இதே முறையில் எப்படிச் சோதிப்பீர்கள்?

3. நாம் இருக்கும் விரதங்களில் எதை 48 நாளோடு நிறுத்தாமல் வருஷம் முழுவதும் தொடர முடியும்?

4. அடுத்த அன்னதானத்தில் நம் குழு மாற்றக்கூடிய ஒரே ஒரு பொருள் எது? யார் போய்க் கேட்பது?

நான்காம் கேள்விக்குப் பதிலோடு பெயரும் எழுதி வாருங்கள். அடுத்த வகுப்பில் அந்தப் பட்டியலைத்தான் முதலில் எடுப்போம்.